சேற்றில் நிற்கும் கால்

டிசைன் பாடத்தைக் குந்தவை பல வருஷம் கரும்பலகையில்தான் நடத்திக்கொண்டிருந்தாள். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரி. மெக்கானிக்கல் பிரிவு. அச்சுத்தண்டு எவ்வளவு முறுக்கைத் தாங்கும், போல்ட் எந்த இடத்தில் அறும் என்று கணக்கை எழுதிப் போடுவாள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கடைசி வருஷம் புராஜெக்ட் என்று வந்துவிட்டால், திருச்சியில் ஒரு கடையில் ரெடியாகச் செய்து வைத்திருப்பதை வாங்கிவந்து பெயின்ட் மட்டும் தாங்களே அடித்து மேஜைமேல் வைப்பார்கள். போன வருஷம் பச்சையாக நின்ற அதே தேங்காய் உரிக்கும் மெஷின் இந்த வருஷம் நீலமாக வந்து நின்றதைப் பார்த்து அவள் கேட்டபோது, "கான்செப்ட் வேற மேடம்" என்றான் ஒரு பையன்.

அந்தச் சமயம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை தயாராக இருந்தது. அங்கே இருந்த சித்தி மகன், "இன்னும் அந்தக் காலேஜ்ல என்னதான்க்கா பண்றே?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த செமஸ்டர் முடியட்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து மன்னார்குடியில் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்காத நாள் கிடையாது. கேட்டுக்கு இந்தப் பக்கம், சாலையை ஒட்டி ஒரு வயல். வயலின் தலைமாட்டில், கருவேல மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்ந்திருக்கும். வயலுக்குள் குனிந்து வேலை செய்யும் பெண்ணைப் பார்த்து ஓயாமல் ஏதாவது கத்திக்கொண்டிருப்பார். அந்தப் பெண் நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

ஒரு சனிக்கிழமை கூட்ஸ் வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருந்தது. கேட் திறக்கிற வழியாக இல்லை. குந்தவை கீழே இறங்கினாள். அவர் அப்போதும் தூரத்து மூலையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்த மூலையில என்னங்க?" என்று சும்மா கேட்டாள்.

"மடைங்க டீச்சர்." அவள் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைப் பார்த்து அவரே டீச்சர் ஆக்கிவிட்டார். "நண்டு ஓட்டை போட்டிருக்கு. தண்ணி சொய்ங்குனு வடியுது. இங்கேருந்தே தெரியுது எனக்கு. அவ மெதுவா பாத்துக்கலாம்ங்கிறா."

அவர் பெயர் இருதயசாமி. கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருந்த மெஷினில் சிக்கிய வைக்கோலைக் காலால் தள்ளிவிடப் போய், வலது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டார். குத்தகைக்குப் பிடித்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை அன்றிலிருந்து மனைவி விண்ணரசிதான் ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். அரசாங்கத்தில் செயற்கைக் கால் கொடுப்பார்களே என்று குந்தவை கேட்டாள்.

"ரோட்டுக்கு நல்லாத்தான் இருக்கு டீச்சர். சேத்துல வெச்சா கால் அங்கேயே நின்னுடுது. நான் மட்டும் வெளிய வந்துடறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேட் திறந்து, பஸ் ஹாரன் அடித்தது. மன்னார்குடி போய்ச் சேரும்வரை குந்தவைக்கு அந்த வாக்கியம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உறிஞ்சிப் பிடிக்கும் சேறு, அதிலிருந்து ஒரு காலை மேலே இழுக்கத் தேவையான விசை. இத்தனை வருஷம் நடத்திய பாடத்தில் இப்படி ஒரு கணக்கு வந்ததே இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னாள். திருச்சிக் கடைக்குப் போகிறவர்கள் போகலாம், வேண்டாம் என்கிறவர்கள் அவளுடன் சனிக்கிழமை நீடாமங்கலம் வரலாம். மூன்று பேர் கை தூக்கினார்கள். கூத்தாநல்லூர் ஆஷிகா, அதிராம்பட்டினம் ஃபாஜில், பூண்டிப் பக்கத்து ரெஜின். ஆஷிகா வயலில் கால் வைத்ததே இல்லை. ஃபாஜிலுக்கு மாமா பட்டறையில் வெல்டிங் பழக்கம். ரெஜின் விவசாய வீட்டுப் பையன். வகுப்பில் வாயே திறக்காதவன் எதற்குக் கை தூக்கினான் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

துறைத் தலைவர் நாகநாதன் கூப்பிட்டு விசாரித்தார். "பசங்க பாஸாகணும் மேடம். சேத்துல நின்னா மார்க் வராது" என்றார். பிறகு அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை காலேஜ் வேன் சும்மாத்தான் நிக்குது" என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் குந்தவைக்கு முதலில் வருவது ஈர மண்ணின் வாசனைதான். அதோடு, வேனுக்குள் ஃபாஜில் வீட்டிலிருந்து வரும் முட்டை பரோட்டா வாசனை. முதல் நாள் மூவரும் இருதயசாமியைச் சுற்றி உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டார்கள். எவ்வளவு தூரம் போகணும், எந்தக் கை பலம், எங்கே வலிக்கும். அவர் ராஜா மாதிரி நாற்காலியில் இருந்து பதில் சொன்னார். வேண்டியது ஒன்றுதான். தூரத்து மூலையில் இருக்கிற மடைக்கு யார் துணையும் இல்லாமல் போக வேண்டும். வரப்பு ஒற்றையடி அகலம். சக்கரம் எதுவும் ஓடாது. வயலுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். விண்ணரசி எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுத் திரும்ப வயலுக்குப் போனாள்.

முதலில் ஃபாஜில் ஊன்றுகோலின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்புத் தகட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்தான். அகலமாக இருந்தால் இறங்காது என்பது அவன் வாதம். இறங்கவில்லைதான். ஆனால் திரும்ப எடுக்கவும் வரவில்லை. இருதயசாமி பலம்கொண்ட மட்டும் இழுத்தார். தகடு 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டதும் மல்லாக்க விழுந்தார். எல்லாரும் பதறி ஓடினார்கள். அவர் சேற்றில் படுத்தபடியே, "ரெண்டு வருஷம் கழிச்சு வயல்ல கெடக்கேன். கொஞ்ச நேரம் விடுங்கப்பா" என்றார்.

விண்ணரசி மட்டும் சிரிக்கவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைக் கழுவிவிட்டு, திரும்ப வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்து தகட்டில் ஓட்டை போட்டார்கள். ஓட்டை வழியாகச் சேறு மேலே ஏறி உட்கார்ந்து, ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடிக்கொண்டே போனது. அதற்கு அடுத்த வாரம் மழை. வேனைவிட்டு இறங்க முடியவில்லை. பக்கத்து வயலில் குறுவை அறுப்பு முடிந்து வாத்து மேய்க்க விட்டிருந்தார்கள். ஆஷிகா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் விட்டதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினாள். முழங்கால் வரை போய்விட்டது. வாத்துக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே. காலைப் பாக்கணும்" என்றாள்.

"யார் காலை?"

"வாத்துக் காலை."

அவர் ஒரு வாத்தைப் பிடித்துக் கையில் கொடுத்தார். ஆஷிகா பயந்துகொண்டே அதைத் தரையில் விட்டு, குனிந்து பார்த்தாள். ஊன்றும்போது விரல் விரிகிறது. எடுக்கும்போது சுருங்கி, குச்சிபோல வெளியே வருகிறது. திரும்ப வேனுக்கு வந்தபோது முகம், துப்பட்டா எல்லாம் சேறு. அன்று கல்லூரி போகும்வரை மூவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகை முன்னால் தூங்கி வழிந்த அதே பிள்ளைகள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த குந்தவை திரும்பாமலே கேட்டுக்கொண்டு வந்தாள். திரும்பினால் நிறுத்திவிடுவார்களோ என்று இருந்தது.

மூன்று அலுமினியப் பட்டைகள், நடுவில் லாரி டியூபை வெட்டிச் சவ்வுபோல ஒட்டியது, மேலே ஒரு கீல். அழுத்தினால் விரியும், தூக்கினால் மடங்கும். ரெஜின் அதற்கு 'வாத்து' என்றே பெயர் வைத்தான். இரண்டு ஊன்றுகோலிலும் மாட்டி, ஐப்பசி வாக்கில் இருதயசாமியிடம் கொடுத்தார்கள். செயற்கைக் காலை மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு அவர் இறங்கினார். ஓர் அடி. இன்னோர் அடி. நட்டு வேர் பிடித்திருந்த பயிரின் இடைவெளி பார்த்து ஊன்றி ஊன்றிப் போனார். கரையில் நின்றவர்கள் அடிகளை எண்ணினார்கள். அவர் மடைக்குப் போய்ச் சேர்ந்தார். போய் அப்படியே நின்றார். நெடுநேரம் நின்றார்.

"என்னண்ணே, வலிக்குதா?" என்று ஃபாஜில் கத்தினான்.

"வலியெல்லாம் இல்ல தம்பி. வந்துட்டேன். இப்ப எந்தக் கையால மண்ணை எடுக்க?"

இரண்டு கையும் ஊன்றுகோலில் இருந்தன. ஒன்றை விட்டால் விழுவார். போய்ச் சேர்வதைப் பற்றியே அத்தனை வாரமும் யோசித்தவர்கள், போன பிறகு அவர் என்ன செய்வார் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. குந்தவையும்தான். பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அவளுக்கு மட்டும் உள்ளே என்னவோ குளிர்ந்தமாதிரி இருந்தது. பாடம் என்பது இதுதான், இதை எந்தக் கரும்பலகையிலும் எழுதிப்போட்டிருக்க முடியாது என்று தோன்றியது. அன்று இரவே சித்தி மகனுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டான். "ஒருத்தருக்குக் கை வேணும்டா" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

கையைக் கொடுத்தவன் ரெஜின். அவன் சின்ன வயதில் அப்பா பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓட்டுவாராம். உட்கார முடிந்தால் இரண்டு கையும் சும்மா ஆகிவிடும் இல்லையா என்றான். அவன் பேசி அவர்கள் கேட்ட முதல் நீளமான பேச்சு அதுதான். ஓர் ஊன்றுகோலின் நடுவில் மடித்துவைக்கும் ஒரு சைக்கிள் சீட் வந்தது. அதன் 'வாத்து' மட்டும் இன்னும் பெரிதாக, ஆள் பாரம் தாங்குகிற மாதிரி. உட்கார்ந்து, நல்ல காலை முன்னால் ஊன்றிக்கொண்டால் ஆடாமல் நிற்கலாம்.

கார்த்திகை மழையில் வயல் எல்லாம் நிரம்பி நின்றது. வடிய விடாவிட்டால் பயிர் அழுகிவிடும். அந்தச் சனிக்கிழமை தூறலில் இருதயசாமி மடைக்குப் போனார். சீட்டை விரித்து உட்கார்ந்தார். இடுப்பில் தொங்கவிட்டிருந்த சின்ன மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டார். கலங்கல் தண்ணீர் வடிகாலில் சுழித்து இறங்கியது. அவர் திரும்பி இவர்களைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் மறுகோடியில் களை பறித்துக்கொண்டிருந்த விண்ணரசி நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

கல்லூரிக் கண்காட்சியில் அந்த ஊன்றுகோல்களுக்குப் பரிசு எதுவும் வரவில்லை. புதுசாகப் பெயின்ட் அடித்த ஒரு மெஷினுக்குத்தான் முதல் பரிசு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் 'வாத்து' மேல் காய்ந்திருந்த சேற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, துடைத்து வைக்கக் கூடாதா என்று கேட்டார். நாகநாதன் பக்கத்தில் நின்றவர், "அது டெஸ்ட் ரிப்போர்ட் சார்" என்றார். அன்றைக்குப் பரிசுக்கு அதுவே போதும் என்று குந்தவைக்கு இருந்தது.

தை மாதம், அறுப்புக்கு முன்னால், மூவரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். இருதயசாமி வயலில் இருந்தார். வீட்டில் விண்ணரசிதான். முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எப்படி இருக்குக்கா, அண்ணன் நல்லா நடக்கறாரா?" என்று ஆஷிகா ஆசையாகக் கேட்டாள்.

"நல்லா நடக்கறாரு. நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. எனக்குத்தான் நிம்மதி போச்சு."

மூன்று பேர் முகமும் சுருங்கிப்போனது. விண்ணரசியே தொடர்ந்தாள்.

"முன்ன மரத்தடியில உக்காந்து கத்துவாரு. காதுல விழாத மாதிரி இருந்துடுவேன். இப்ப பக்கத்துலயே வந்து நிக்கறாரு. நாத்து ஏன் இவ்வளவு நெருக்கமா நட்டே, உரம் ஏன் இன்னைக்கு வெச்சே. ரெண்டு வருஷம் இவர் கால் இல்லாம கெடந்தப்ப நான் ஒருத்தியா வெள்ளாமை எடுத்தேன் டீச்சர். ஒரு போகம் பொய்க்கல. அப்ப யாரும் சொல்லித் தரல எனக்கு. அதுவும் போக, அவர் சேத்துல எறங்கினா விழுவாரோன்னு ஒரு கண்ணு அங்கேயே இருக்கு. என் வேலை ரெண்டாயிடுச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விசாரித்தார்கள், சொன்னாள், அவ்வளவுதான். குந்தவைக்குச் சுருக்கென்றது. அத்தனை சனிக்கிழமையும் இவள் போட்ட டீயைக் குடித்திருக்கிறார்கள். இவளை ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆஷிகா மெல்ல அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, "அவர் விழுந்தா எப்படிக்கா தூக்குவீங்க? இடுப்பு வலிக்காதா?" என்று ஆரம்பித்தாள். முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். விண்ணரசி சாயங்காலம் வரை பேசினாள். விழுந்தால் தானே பிடித்து எழ, ஊன்றுகோலின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி அதற்குப் பிறகுதான் வந்தது.

மற்றதற்குப் பொறியியலில் வழி இல்லை. அதை விண்ணரசியே தீர்த்தாள். அடுத்த குறுவை நடவு அன்று, அவர் ஏதோ குறை சொல்லப்போக, கையில் இருந்த நாற்று முடியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். "நீங்களே நடுங்க" என்றாளாம். நடவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இருதயசாமி சீட்டில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "தண்ணி மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து தண்ணீர் அவருக்கு, பயிர் அவளுக்கு. இதை இருதயசாமிதான் போனில் குந்தவையிடம் சொன்னார், தான் ஜெயித்தமாதிரி.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பிள்ளைகள் வந்தார்கள். நீடாமங்கலத்தோடு நிற்கவில்லை. தரங்கம்பாடியில் கடல் மணலில் உருளும் நாற்காலி, ஒரத்தநாட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் படி ஏறும் கருவி என்று நிறையச் செய்தார்கள். சிலது ஓடியது, சிலது ஓடவில்லை. எங்கே போனாலும் முதல் நாள், அந்த வீட்டில் டீ போடுகிறவரிடம் பேசாமல் குந்தவை பிள்ளைகளைத் திரும்ப விடமாட்டாள். நாகநாதன் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு அவளே வந்தாள். ஆனாலும் அந்த முதல் மூன்று பேரோடு போன சனிக்கிழமைகள்போல வேறு எதுவும் இருந்ததில்லை. எல்லாரும் ஒன்றும் தெரியாமல் இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

போன மாசியில் இருதயசாமியின் வருஷப் பூசைக்கு அழைப்பு வந்தது. முந்தைய வருஷம் மாரடைப்பில், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. குந்தவை போனாள். மன்னார்குடியில் அறுவடை மெஷின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் ரெஜின் வந்திருந்தான். சென்னையில் செயற்கை உறுப்புகள் செய்யும் நிறுவனத்தில் இருக்கும் ஆஷிகா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஃபாஜில் தோஹாவிலிருந்து போனில் முகம் காட்டினான். தலை நரைத்திருந்தது.

மாதா கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு போட்டார்கள். பந்தி முடிந்ததும் விண்ணரசி அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயலில் பாதியை விட்டுவிட்டேன், மீதியைப் பார்க்கிறேன் என்றாள்.

"ஒருத்தியா பழகினதுதானேம்மா உங்களுக்கு" என்றாள் குந்தவை, ஆறுதலாக.

"அப்ப பழகினது வேற டீச்சர். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு பேசிட்டே இருந்தாரு. நானும் திட்டிட்டே இருந்தேன். இப்ப நெருக்கமா நட்டாலும் கேக்க ஆள் இல்ல, எட்ட எட்ட நட்டாலும் கேக்க ஆள் இல்ல." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நிம்மதி போச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. அந்தப் புள்ளைங்க மூஞ்சி எப்படிச் சுருங்கிப்போச்சு அன்னைக்கு. அதை அவர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்."

ஆஷிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் இருதயசாமி கீல் மாற்ற வருஷம் தவறாமல் பட்டறைக்கு வருவார் என்று ரெஜின் சொன்னான். கடைசியில் அவனாகவே துருப்பிடிக்காத பித்தளைக் கீல் போட்டுக் கொடுத்ததாகவும் சொன்னான்.

"முதல்லயே பித்தளைன்னு நான் சொன்னேன்" என்றாள் ஆஷிகா.

"நீ எங்க சொன்னே? நீ வாத்தைத்தான் சொன்னே."

"மேடம், நீங்களே சொல்லுங்க."

குந்தவைக்கு உண்மையில் ஞாபகம் இல்லை. அதைச் சொல்லாமல், பட்டறையில் வந்து அவர் என்ன பேசுவார் என்று ரெஜினைக் கேட்டாள். தஞ்சாவூர் பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. நடத்துநர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அந்தக் காலத்தில் வகுப்பில் வாய் திறக்காத பையன், தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தான்.